தந்தை சூட்டிய பட்டப்பெயர்: ‘மாஷ்’ தொடரின் ஹாக்ஐ

‘மாஷ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகருக்கு ராணுவப் பதிவேட்டில் இருக்கும் பெயர் கேப்டன் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பியர்ஸ். அந்த ஒரு பெயருக்குள் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இருக்கிறார், அமெரிக்காவின் 14ஆவது குடியரசுத் தலைவராக இருந்த ஃபிராங்க்ளின் பியர்ஸும் இருக்கிறார். இத்தனை கனமான பெயரோடு கொரியப் போர்முனைக்கு வந்து சேர்ந்த அந்த அறுவை மருத்துவரை நண்பர்கள் ஹாக்ஐ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பருந்தின் கண் என்று பொருள்படும் இந்தப் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தொடரை ஓரளவு பார்த்தவர்கள்கூட விடை சொல்லிவிடுவார்கள். ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் எழுதிய ‘தி லாஸ்ட் ஆஃப் த மோகிகன்ஸ்’ என்ற நாவலின்மீது அவருடைய தந்தைக்கு இருந்த பற்றினால், அதில் வரும் வேட்டைக்காரனின் பெயர் மகனுக்கு வந்து சேர்ந்தது என்பதே அந்த விடை. அது சரியான விடைதான். என்றாலும் அதோடு நிறுத்திக்கொண்டால், குறிதவறாமல் சுடுகிறவனுக்குரிய ஒரு பெயர் எப்படித் துப்பாக்கியைத் தொட மறுக்கும் ஒரு மருத்துவருக்குப் பொருந்தியது என்ற கேள்வியைத் தவறவிட்டுவிடுவோம். இத்தொடரை நான் மீண்டும் மீண்டும் பார்ப்பதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

அந்த மருத்துவர் முதலில் தோன்றியது தொலைக்காட்சியில் அல்ல. 1968இல் ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் வெளியான நாவலில்தான் அவர் அறிமுகமானார். அதை எழுதிய ரிச்சர்ட் ஹார்ன்பெர்கர், கொரியப் போரின்போது 8055 என்ற எண் கொண்ட நடமாடும் ராணுவ அறுவை மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர். எழுத்து வேலையில் டபிள்யூ. சி. ஹைன்ஸ் என்ற விளையாட்டுப் பத்திரிகையாளர் அவருக்குத் துணைநின்றார். ஹார்ன்பெர்கர் மருத்துவமனையின் எண்ணை 4077 என்று மாற்றினார்; தாம் மருத்துவம் பார்த்து வாழ்ந்த மெய்ன் மாநிலத்தையே நாயகருக்கும் சொந்த மாநிலமாக்கி, கிராப்ஆப்பிள் கோவ் என்ற கற்பனைக் கடலோர ஊரைப் படைத்தார். ஹாக்ஐயைப் பெரிதும் தம்மையே மாதிரியாக வைத்து அவர் எழுதினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி.

நாவலில் ஹாக்ஐயின் தந்தை சிங்கி இறால் பிடிக்கும் கடல் தொழிலாளி. அவர் தம் வாழ்நாளில் படித்த ஒரே புத்தகம் கூப்பரின் அந்த நாவல் என்று மகன் சொல்கிறார். தொலைக்காட்சித் தொடருக்கு வரும்போது தந்தையின் தொழில் மாறிவிடுகிறது. டேனியல் பியர்ஸ் என்ற பெயருடன் அவரும் ஒரு மருத்துவராகிவிடுகிறார். ஊரார் எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கும் மருத்துவரை, ஒரே ஒரு புத்தகத்தைப் படித்தவராகக் கற்பனை செய்வது கடினம். தொடரில் அந்தப் பெயர் ஒரு தந்தையின் விருப்பத்திலிருந்து வந்ததாகிறது. நாவலில் அவர் அறிந்த ஒரே கதையிலிருந்து வந்ததாக இருக்கிறது. எனக்கு நாவலின் விளக்கமே ஒரு படி மேலாகத் தோன்றுகிறது. தம்மிடம் இருந்த ஒரே கதையிலிருந்து எடுத்து மகனுக்குக் கொடுத்தார் என்பதில் ஒரு வறியவரின் தாராளம் இருக்கிறது.

இனி அந்தக் கதைக்குள் போய்ப் பார்க்கலாம். கூப்பரின் நாவல் 1826இல் வெளியானது. கதை நடப்பது 1757இல், வட அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில். அதில் வரும் நாட்டி பம்ப்போ என்ற வெள்ளைக்கார வேட்டைக்காரன் மோகிகன் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த நண்பர்களோடு காட்டில் வாழ்கிறவன். தன் நீண்ட துப்பாக்கிக்கு கில்டீர் என்று பெயர் வைத்திருப்பவன். நண்பர்களுக்கு அவன் ஹாக்ஐ. எதிரிகளோ அவனுடைய துப்பாக்கியின் நீளத்தை வைத்து லா லாங் கராபீன் என்று பிரெஞ்சு மொழியில் அவனைக் குறிப்பிட்டு அஞ்சுகிறார்கள். ஆனால் இந்த நாவலைத் தொடங்கும்போதே அவன் ஹாக்ஐயாகத்தான் இருக்கிறான். அந்தப் பெயர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பதைக் கூப்பர் 15 ஆண்டுகள் கழித்து, 1841இல் வெளியிட்ட ‘தி டீர்ஸ்லேயர்’ என்ற வேறொரு நாவலில்தான் காட்டினார். ஆகவே கிராப்ஆப்பிள் கோவின் அந்தத் தந்தை உண்மையிலேயே ஒரே புத்தகத்தைப் படித்தவராக இருந்தால், தாம் மகனுக்குச் சூட்டிய பெயர் எந்தச் சூழலில் பிறந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

அந்தச் சூழலைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். ‘தி டீர்ஸ்லேயர்’ நாவலில் நாட்டி பம்ப்போ இளைஞன். மான் வேட்டையில் பெயர் பெற்றதால் மான்களைக் கொல்பவன் என்ற பட்டப்பெயரோடு திரிகிறவன். அதுவரை ஒரு மனிதனையும் கொன்றதில்லை. ஏரிக்கரையில் ஒரு பூர்வகுடி வீரனை அவன் எதிர்கொள்ளும்போது சண்டையைத் தவிர்க்கவே முயல்கிறான், சமாதானமாகப் பேசிப் பார்க்கிறான். அந்த வீரன் போவதுபோலப் போய்ப் புதரிலிருந்து குறிவைக்கிறான். நாட்டி திரும்பிச் சுடுகிறான். குண்டடிபட்டவன் உடனே இறக்கவில்லை. அவனைக் கொன்ற இளைஞனே அவனை நீர்க்கரைக்குத் தூக்கிச் சென்று, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறான். சாகிறவன் அவனுடைய பெயரைக் கேட்கிறான். மான்களைக் கொல்பவன் என்று விடை வந்ததும், அது சிறுவனுக்குரிய பெயர், வீரனுக்கு அது போதாது என்று சொல்லி, அவனுடைய கண்ணின் உறுதியையும் விரலின் வேகத்தையும் பாராட்டி, ஹாக்ஐ என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் கையைப் பற்றிக் குலுக்கும்படி கேட்கிறான். தன்னைக் கொன்றவனுக்குப் பெயர் சூட்டிவிட்டு அவன் சாகிறான்.

இதைப் படித்த பிறகு தொடருக்குத் திரும்பும்போது, அந்தப் பெயரின் மீது என் பார்வை முழுவதுமாக மாறிப்போனது. சாகக் கிடக்கும் ஒருவனின் தலையைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்துக் கையைப் பற்றிக்கொள்ளும் அந்த இளைஞன்தான் 4077 மருத்துவமனையின் அறுவைக்கூடத்துக்கும் காயம்பட்டோர் கூடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறான். அவனுடைய துப்பாக்கி மட்டும் வரவில்லை. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டும் ஜீன் ரெனால்ட்ஸும் கூப்பரின் அந்தப் பக்கங்களை மனத்தில் வைத்துத்தான் எழுதவைத்தார்கள் என்று நான் வாதிட வரவில்லை. ஒரு நல்ல பெயர் தன் பழைய வீட்டிலிருந்து சில பழக்கங்களைத் தன்னோடு எடுத்து வருகிறது என்பதே எனக்குப் படுவது.

வேட்டைக்காரனின் பொறுமை அப்படி வந்த ஒரு பழக்கம். 1972இல் தொடங்கிய முதல் பருவத்திலேயே, பதவியில் தன்னைவிட மூத்தவரான மேஜர் ஃபிராங்க் பர்ன்ஸைத் தாண்டி ஹாக்ஐ தலைமை அறுவை மருத்துவராக நியமிக்கப்படும் கதை வருகிறது. பர்ன்ஸின் புகாரை விசாரிக்க ஒரு தளபதி வந்து சேரும்போது, அறுவைக்குக் காத்திருக்கும் நோயாளி ஒருவர் இருக்க, ஹாக்ஐ சீட்டாடிக்கொண்டிருக்கிறார். தளபதிக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அந்த நோயாளிக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், உடல் அறுவையைத் தாங்கும் நிலைக்கு வரும்வரை கத்தியை எடுப்பது கொலைக்குச் சமம் என்பது ஹாக்ஐக்குத் தெரியும். நேரம் வந்ததும் எழுந்து போகிறார், கை கழுவுகிறார், வேலையை முடிக்கிறார். எப்போது செயலில் இறங்க வேண்டும் என்பதைப் பார்த்து அறியும் கண் அது.

துப்பாக்கி வராத கதை மூன்றாம் பருவத்தில், 1974இல் ஒளிபரப்பான ‘ஆஃபிசர் ஆஃப் த டே’ என்ற அத்தியாயத்தில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. அன்றைய பொறுப்பு அதிகாரி இடுப்பில் கைத்துப்பாக்கி கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. தற்காலிகத் தலைமையில் இருக்கும் பர்ன்ஸ் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஹாக்ஐ அதற்குச் சொல்லும் பதில் தொடரின் புகழ்பெற்ற பேச்சுகளில் ஒன்று: எதை வேண்டுமானாலும் சுமக்கிறேன், துப்பாக்கியை மட்டும் சுமக்க மாட்டேன் என்பதை அடுக்கடுக்கான வேடிக்கைச் சொற்களில் சொல்லிக்கொண்டே போகிறார். அதே அத்தியாயத்தில் கர்னல் ஃப்ளாக் என்ற உளவு அதிகாரி, காயம்பட்ட கைதி ஒருவரைக் கொண்டுவந்து, சியோலுக்குக் கொண்டுபோய்க் கொல்வதற்காக அவரைக் குணப்படுத்தித் தரும்படி கேட்கிறார். ஒரு மனிதனைக் கொல்வதற்கு வசதியாகப் பிழைக்கவைப்பது என்ற இந்தக் கேவலத்தை எதிர்த்து நிற்பவருக்குக் கில்டீர் துப்பாக்கிக்காரனின் பெயர் இருப்பது தற்செயல் என்றாலும், பொருள் நிறைந்த தற்செயல்.

பெயரில் உள்ள கண்ணையே பறித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று சோதித்துப் பார்த்த ஓர் அத்தியாயமும் உண்டு. 1976இல் வந்த ‘அவுட் ஆஃப் சைட், அவுட் ஆஃப் மைண்ட்’ அது. தாதியரின் கூடாரத்தில் அடுப்பைப் பற்றவைக்கப் போன ஹாக்ஐயின் முகத்தில் அது வெடித்து, கண்கள் கட்டப்பட்டுவிடுகின்றன. பார்வை திரும்புமா என்பது கட்டை அவிழ்க்கும் நாள்வரை யாருக்கும் தெரியாது. ஹாக்ஐயாக நடிக்கும் ஆலன் ஆல்டா முகத்தின் பாதியை இழந்துவிட்டு நடிக்கிறார். அவிழ்த்த பிறகு எப்படியும் பார்வை வந்துவிடும் என்று நமக்குத் தெரிந்திருந்தும், நண்பர் பீ. ஜே. ஹன்னிகட்டிடம் அவர் பேசும் காட்சி என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கிறது. உலகின் ஒரு கதவு மூடியபோது இன்னொன்று திறந்தது என்றும், காலையில் இரண்டு மணிநேரம் மழையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்றும், அதைக் கேட்டதோடு நில்லாமல் அதன் ஒரு பகுதியாகவே ஆகிப்போனேன் என்றும் அவர் சொல்கிறார். கண்கட்டோடு அறுவைக்கூடத்துக்கு வந்து, வாடையை வைத்தே குடலில் ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்கிறார். போரில் பார்வை இழந்த ஒரு சிப்பாயாக அதில் நடித்த டாம் சல்லிவன் உண்மையிலேயே பார்வையற்ற கலைஞர் என்பதை அறிந்தபின், அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் காட்சிகளை இன்னும் கவனமாகப் பார்த்தேன். பருந்தின் கண் என்பது பார்வையின் கூர்மையை மட்டும் சொல்வதாக இருந்தால், அந்த அத்தியாயத்தில் அவர் அந்தப் பெயருக்குரியவராக இருக்க முடியாது. கவனத்தின் கூர்மையைச் சொல்வதாக எடுத்துக்கொண்டால், அந்தப் பெயருக்கு அவர் மிகவும் உரியவராக இருப்பது அப்போதுதான்.

பெயர் சூட்டிய தந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பருவத்திலேயே ‘டியர் டேட்’ என்ற அத்தியாயம், ஹாக்ஐ தந்தைக்கு எழுதும் கடிதமாக அமைந்திருக்கிறது. நான்காம் பருவத்தில், 1975இல், ராணுவம் எழுத்துப் பிழையால் கேப்டன் பியர்ஸ் இறந்துவிட்டதாகப் பதிவுசெய்து தந்தைக்கும் செய்தி அனுப்பிவிடுகிறது. சம்பளம் நிற்கிறது, அஞ்சல் நிற்கிறது. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவதற்கு ஹாக்ஐ படும் பாடு சொல்லி மாளாது. ஒரு கட்டத்தில், செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று பிணங்களை ஏற்றிச் செல்லும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். காயம்பட்டவர்கள் வந்து இறங்கவும் திரும்பிவிடுகிறார். கோப்பில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பியர்ஸ் இறந்துபோனார். அறுவைக்கூடத்துக்குத் திரும்பி வந்தவர் ஹாக்ஐ. பட்டப்பெயருக்கும் பதிவுப் பெயருக்கும் இருக்கும் இடைவெளியை இதைவிடத் தெளிவாக எந்தத் தொடரும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

1982இல் வந்த ‘சன்ஸ் அண்ட் பௌலர்ஸ்’ அத்தியாயத்தில் தந்தைக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. மகன் கொரியாவில் தொலைபேசியின் அருகே காத்திருக்கிறார். எப்போதும் முறுக்கிக்கொண்டு நிற்கும் சக மருத்துவர் சார்ல்ஸ் வின்செஸ்டர் அவருக்குத் துணையாக இருந்து, தன் வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் நடுவே இருந்த தொலைவைச் சொல்கிறார். தனக்கு வாய்த்தவர் மரியாதைக்குரிய தந்தை, உனக்கு வாய்த்தவரோ அப்பா என்ற பொருளில் அவர் சொல்வதைக் கேட்கும்போது, செல்லமாக ஒரு பெயர் வைத்துக் கூப்பிடும் வீடு எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பது உறைக்கிறது. வின்செஸ்டர் ஹாக்ஐயைப் பெரும்பாலும் பியர்ஸ் என்றே அழைக்கிறார். ஃபிராங்க் பர்ன்ஸும் அப்படித்தான். ஆனால் பர்ன்ஸ் அந்தப் பெயரை ஒரு குற்றச்சாட்டைப்போல உச்சரிப்பார், முகாமின் தலைவரான கர்னல் பாட்டர் ஓர் ஆசிரியரைப்போல உச்சரிப்பார், வின்செஸ்டரிடம் அது தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலி.

4077இல் பட்டப்பெயர் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹாக்ஐயின் சக மருத்துவர் டிராப்பர் ஜான் மெக்இன்டயரின் பெயருக்கு (டிராப்பர் என்றால் பொறிவைத்துப் பிடிப்பவர்), ரயிலில் ஒரு பெண்ணோடு அகப்பட்டுக்கொண்ட கதையை நாவல் காரணமாகச் சொல்கிறது. தொடர் அதைச் சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று. பீ. ஜே. ஹன்னிகட்டின் எழுத்துகளுக்கு விரிவு என்ன என்று துருவித் துருவித் தேடும் ஹாக்ஐக்கு, தாய் பெயர் பீ, தந்தை பெயர் ஜே என்ற விடை மட்டுமே கிடைக்கிறது. தலைமைத் தாதியான மார்கரெட் ஹூலிஹனின் பட்டப்பெயர்தான் எனக்கு எப்போதும் உறுத்தல். 1970இல் ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய திரைப்படத்தில், அவருடைய அந்தரங்கப் பேச்சை ஒலிபெருக்கியில் முகாம் முழுவதற்கும் கேட்கச் செய்து, அதிலிருந்தே ஹாட் லிப்ஸ் (சூடான உதடுகள்) என்ற பெயரை ஒட்டிவிடுகிறார்கள். அவமானத்திலிருந்து பிறந்த பெயர் அது. தொடர் வளர வளர, லொரெட்டா ஸ்விட் அந்தப் பாத்திரத்துக்கு ஆழம் சேர்க்கச் சேர்க்க, அந்தப் பெயர் உதிர்ந்துபோய் மார்கரெட் என்ற பெயர் மிஞ்சியது. ஒருவர் தம் பட்டப்பெயரிலிருந்து விடுதலை பெறுவதையும் இதே தொடர் காட்டியிருக்கிறது என்பதற்காக அதன் எழுத்தாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

முகாமின் எழுத்தர் ரேடார் ஓ’ரெய்லியின் பெயர் இவற்றுள் மிக எளிமையானது. வால்டர் என்ற இயற்பெயர் கொண்ட அந்தப் பையனுக்கு, காயம்பட்டவர்களைச் சுமந்து வரும் ஹெலிகாப்டர்களின் ஓசை மற்றவர்களுக்கு முன்பே கேட்டுவிடும்; அதிகாரி வாய் திறக்கும் முன்பே வேண்டிய கோப்போடு வந்து நிற்பான். இதில் ஒரு சுவையான தொடர்பு இருக்கிறது. ரேடாரின் சொந்த ஊர் அயோவா மாநிலத்தின் ஒட்டம்வா. அந்த மாநிலத்துக்கே ஹாக்ஐ மாநிலம் என்றுதான் பட்டப்பெயர். டேவிட் ரோரர் என்ற நீதிபதியும் ஜேம்ஸ் எட்வர்ட்ஸ் என்ற பத்திரிகை ஆசிரியரும் பரப்பிய அந்தப் பெயர் 1838இல் ஏற்கப்பட்டது என்றும், கூப்பரின் அதே நாவலிலிருந்து வந்தது என்றும் அந்த மாநிலத்தார் சொல்கிறார்கள். ஒரே புத்தகத்திலிருந்து கிளம்பிய பெயர், ஒருவருக்குப் பட்டப்பெயராகவும் அவருடைய இளைய தோழனுக்குப் பிறந்த மண்ணின் பெயராகவும் ஒரே முகாமில் வந்து சேர்ந்திருக்கிறது.

ஹார்ன்பெர்கருக்குத் தொலைக்காட்சித் தொடர் பிடிக்கவில்லை. தாம் எழுதிய ஹாக்ஐயைப் போரை எதிர்த்துப் பேசும் மனிதராக மாற்றிவிட்டார்கள் என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. தம்மையே மாதிரியாக வைத்து ஒருவர் படைத்த பாத்திரத்தை, மற்றவர்கள் பதினொரு பருவங்களுக்கு வேறு திசையில் கொண்டுபோனால் வருத்தம் வருவது இயல்பு. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் பெயரை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வதென்றால், நான் தொடரின் பக்கமே நிற்பேன். கூப்பரின் இளைஞனுக்கு அந்தப் பெயர் கிடைத்தது அவன் சண்டையை விரும்பாமல் நின்ற இடத்தில், விரும்பாத ஒரு மரணத்துக்குப் பிறகு. 1983 பிப்ரவரி 28இல் ஒளிபரப்பான கடைசி அத்தியாயத்தில், மனம் நொறுங்கி மருத்துவம் பெற்றுத் திரும்பிய ஹாக்ஐ, இனிக் கிராப்ஆப்பிள் கோவுக்குப் போய், நோயாளிகளை நிதானமாக அறிந்து பழகி வைத்தியம் பார்க்கும் ஊர் மருத்துவராக இருக்கப்போவதாகச் சொல்கிறார். பத்து கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்ததாகக் கணக்கிடப்பட்ட அந்த இரண்டரை மணிநேர அத்தியாயத்தில், தந்தை செய்த அதே வேலையை, தந்தை வைத்த அதே பெயரோடு, அதே ஊரில் செய்வதற்கு அவர் கிளம்புகிறார். ஹார்ன்பெர்கர் எழுதிய ஹாக்ஐயும் போருக்குப் பின் அந்த மெய்ன் கடற்கரைக்குத்தான் திரும்பினார். ஆசிரியரும் தொடரும் உடன்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று.